உள்பக்கம் மட்டும் கைப்பிடி

டமாரென்று ஜன்னல் அறைந்து சாத்திக்கொண்டது. மேஜையில் இருந்த காகிதங்கள் பறந்தன. தட்டச்சு செய்துகொண்டிருந்த அம்மாள் இரண்டு கைகளாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டார். இன்ஸ்பெக்டர் ஸ்டாமென்கோவிச், நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டீர்கள்.

"எவன்யா வாசக்கதவத் திறந்து போட்டது? குறுக்குக் காத்து அடிக்குதுல்ல!" என்று வராந்தாவைப் பார்த்துக் கத்தினீர்கள்.

நான் சிரித்துவிட்டேன். மன்னிக்க வேண்டும். கணவரைப் புதைத்து நாலு நாள்கூட ஆகாதவள் சிரிப்பது அழகில்லைதான். சிரித்ததையும் எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. காப்பி நன்றாக இருக்கிறது. போலீஸ் நிலையத்தில் இவ்வளவு நல்ல காப்பியை நான் எதிர்பார்க்கவில்லை.

நீங்கள் கேட்டது இரண்டே கேள்விகள். கண்ணாடிக் கதவுக்கு எதிரே என் நாற்காலி ஏன் போட்டிருந்தது? கதவின் வெளிப்பக்கம் கைரேகைகள் ஏன் மேலிருந்து கீழே வரை இருக்கின்றன? இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கதவிலிருந்து ஆரம்பிக்கிறேன். கதவு வாங்கிய கதை தெரியாவிட்டால் நாற்காலியின் கதை உங்களுக்குப் புரியாது.

ப்ரோமாயா. குறுக்குக் காற்று. இந்த வார்த்தையை இருபத்தாறு வருடம் தினமும் கேட்டிருக்கிறேன். வீட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு திறப்பு, அந்தப் பக்கம் ஒரு திறப்பு, நடுவே ஓடுகிற காற்று. அதில் அகப்பட்டால் கழுத்து பிடித்துக்கொள்ளும், காது அடைக்கும், சிறுநீரகம் கெடும், வாய் கோணிப் போகும். நீங்களும் நம்புகிறீர்கள், கழுத்தில் மஃப்ளர் இருக்கிறது. அந்த அம்மாளும் நம்புகிறார். என் கஷ்டமே அதுதான். என் கணவர் வீதோமிர் பைத்தியக்காரராக இருந்திருந்தால் எனக்காகப் பேச நாலு பேர் கிடைத்திருப்பார்கள். அவர் பைத்தியம் இல்லை. ஊரே நம்புவதைத்தான் அவரும் நம்பினார். என்ன, கொஞ்சம் அதிகமாக நம்பினார்.

அவர் பஸ் டிரைவர். க்ரோட்ஸ்காவிலிருந்து பெல்கிரேடுக்குப் போகும் தடத்தில் முப்பது வருடம் ஓட்டினார். ஒரு ஆகஸ்ட் மாதம், தார் உருகுகிற வெயிலில், பின் சீட்டில் இருந்த ஒரு பெண் ஜன்னலைத் திறந்தாள். அவர் பஸ்ஸை ஓரம் கட்டி நிறுத்தினார்.

"யாரும்மா அது? ஜன்னலச் சாத்துற வரைக்கும் வண்டி நகராது!"

"வேகுது டிரைவர்!" என்றாள் அவள்.

"வெந்தா ஒண்ணும் ஆகாது. கழுத்து பிடிச்சுக்கிட்டா நீ வந்து ஓட்டுவியா?"

பஸ் முழுக்கச் சிரித்தது. ஐம்பது பேரும் அவள் பக்கம் திரும்பி, "மூடித் தொலைம்மா" என்றார்கள். மூடினாள். அந்தப் பெண் நான்தான். மறுநாள் அதே பஸ்ஸில் ஒரு பை நிறையப் பீச் பழம் கொடுத்து, "கோவிச்சுக்காதீங்க, உங்க நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்றார். அடுத்த வசந்தத்தில் கல்யாணம் செய்துகொண்டோம். அவர் கெட்டவர் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். என்னை அடித்ததில்லை. எல்லாம் என் நல்லதுக்குத்தான் செய்தார்.

நான் தபால் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் கவுன்ட்டரில் உட்கார்ந்தேன். முன்னால் கண்ணாடி, அதில் பேசுவதற்கு ஒரு வட்ட ஓட்டை. அந்த ஓட்டை வழியாகக் காற்று வந்து உன் முகத்தில் அடிக்கும் என்று வீதோமிர் ஒரு நாள் வந்து அதைத் துணியால் அடைத்துவிட்டுப் போனார். தபால் அதிகாரியும் அது நல்ல யோசனை என்று அப்படியே விட்டுவிட்டார். அதற்கப்புறம் வாடிக்கையாளர்கள் சொல்வது சரியாகக் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் வேலை செய்தேன். பழகிவிட்டது.

எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. கீழே பீச் தோட்டம், அதற்கும் கீழே டான்யூப். முன்னறையிலிருந்து தோட்டத்துப் பக்கம் ஒரு திறந்த தளம் உண்டு. அதற்குப் போகக் கண்ணாடி பதித்த ஒரு பழைய இரட்டை மரக்கதவு. கல்யாணமாகி வந்த முதல் வாரமே அதை ஆணி அடித்து, இடுக்கில் கம்பளி திணித்து, மேலே திரையும் போட்டுவிட்டார். நதியைப் பார்க்க வேண்டுமானால் குளியலறையில் முக்காலி போட்டு ஏறி, கையகல ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும். டான்யூப் கரையில் வீடு என்று என் தங்கை பொறாமைப்படுவாள். நான் முக்காலியைப் பற்றி அவளிடம் சொன்னதே இல்லை.

போன செப்டம்பரில் நான் ஓய்வு பெற்றேன். இனி நாள் முழுக்க அந்த வீட்டில்தான் என்றானது. இரண்டாவது வாரம், அவர் ஓய்வூதியர் சங்கத்துக்குச் சதுரங்கம் ஆடப் போயிருந்தபோது, குறடு எடுத்து ஆணிகளைப் பிடுங்கினேன். கம்பளியை உருவினேன். தளத்துக் கதவைத் திறந்தேன், வாசல் கதவையும் திறந்தேன். வீட்டுக்குள் காற்று வந்தது. நடுவில் நின்றேன், அவ்வளவுதான். ஐந்து நிமிடம் இருக்கும். அப்புறம் கதவு அறைந்து இரண்டு கண்ணாடியும் உடைந்துவிட்டது.

அவர் வந்து பார்த்தார். துடைப்பத்தோடு நின்றிருந்த என்னையும் பார்த்தார்.

"யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

"கண்ணாடிதான் போச்சு."

"இன்னைக்குக் கண்ணாடி" என்றார். "நாளைக்கு யாருன்னு தெரியாது. செங்கல் வெச்சு அடைச்சுடலாம், தோப்ரிலா. தொல்லை விட்டுச்சு."

அவர் சொன்னால் செய்வார். மேஸ்திரி லியூபாவுக்கு அன்றே போன் போட்டார். செங்கல் வருவதற்குள் எனக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அந்த வாரத்தில் நான் ஒன்று கண்டுபிடித்தேன். இருபத்தாறு வருடமாக நான் அவரிடம் தப்பான பாஷையில் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். "காற்று வேண்டும்" என்பேன், மறுப்பார். இப்போது பாஷையை மாற்றினேன். "சுவருக்குள்ளகூடக் காத்து ஊடுருவுமாம், வீதோ. மூணு அடுக்குக் கண்ணாடின்னா பொட்டுக் காத்து வராதாம்" என்றேன். அவர் பத்திரிகையைக் கீழே வைத்தார்.

அப்படித்தான் நகரும் கண்ணாடிக் கதவு பார்க்கக் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் பெயர் கோய்கோ. தொப்பையும் நல்ல மனசும் உள்ளவர். முதலில் சாதாரணமாக நகரும் கதவைக் காட்டினார். ஒரு கதவு இன்னொன்றின் மேல் வழுக்கிக்கொண்டு போகும், இடுக்கில் தூரிகை மாதிரி மயிர் வைத்திருப்பார்கள். வீதோமிர் சட்டைப் பையிலிருந்து லைட்டரை எடுத்துப் பற்றவைத்து அந்த இடுக்கு நெடுகப் பிடித்துக்கொண்டே நடந்தார். சுடர் ஆடியது.

"ஐயா, கடையக் கொளுத்திடாதீங்க!" என்றார் கோய்கோ.

"ஆடுது பாரு. பல்லுவிளக்குற பிரஷ வெச்சுக் காத்தத் தடுக்கப் பாக்கிறியா? அடுத்ததக் காட்டு."

அடுத்தது கனமானது. ஒவ்வொரு கதவும் இரண்டு ஆள் எடை. உள்ளே இருக்கும் கைப்பிடியைக் கீழே திருப்பினால் கதவு அரை விரல்கடை எழும்பிச் சக்கரத்தின் மேல் நிற்கும். ஒரு விரலால் தள்ளலாம். கைப்பிடியை மேலே திருப்பினால் கதவு இறங்கி ரப்பரின் மேல் உட்காரும், பூட்டிக்கொள்ளும். மூன்று அடுக்குக் கண்ணாடி. கோய்கோ ஒரு சுத்தியலை எடுத்து அதன் மேல் ஓங்கி அடித்துக் காட்டினார். கீறல் விழுந்தது, உடையவில்லை. அப்புறம் என்னை உள்ளே விட்டு, தான் வெளியே நின்று, கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தியதும் கத்தினார். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

"என்ன கேட்டுச்சு அம்மா?" என்றார் உள்ளே வந்து.

"ஒண்ணும் கேக்கல" என்றேன்.

"பக்கத்துல டிராக்டர் ஓடினாலும் கேக்காது. கல்லறை மாதிரி அமைதியா இருக்கும்" என்றார். அவர் சொன்ன வார்த்தைதான், நான் சேர்க்கவில்லை.

வீதோமிர் லைட்டரோடு சுற்றி வந்தார். சுடர் அசையவில்லை. அப்போதுதான் வெளிப்பக்கம் குனிந்து எதையோ விரலால் தடவினார்.

"இது என்ன ஓட்டை?"

"சாவி போடறதுக்கு. வெளியில கைப்பிடியும் இதுலதான் வரும். வெளிய நிக்கும்போது திறக்க வேணாமா?"

"ஓட்டைன்னா காத்து வரும்."

"அதுக்கு மூடி இருக்கு ஐயா."

"மூடிக்கு ஓரம் இருக்கும்ல?"

"ஐயா, இதுல திருடனே நுழைய முடியாது. காத்தா நுழையப் போகுது?"

"திருடன் வந்தா டிவிய எடுத்துக்கிட்டுப் போயிடுவான். காத்து வந்தா என் கழுத்த எடுத்துக்கிட்டுல்ல போகும்? ஓட்டை வேணாம். வெளிப்பக்கம் மொழுமொழுன்னு இருக்கணும். கைப்பிடி உள்ள மட்டும்."

கோய்கோ என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். கதவு கிடைத்தால் போதும் என்றிருந்தது எனக்கு. அவர் கேட்டபடியே எழுதினார்: உள்பக்கம் மட்டும் கைப்பிடி. வீதோமிர் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாள் உங்களிடம் இருக்கிறது. அது என் கையெழுத்து இல்லை, கவனியுங்கள்.

ஒரு வாரம் கழித்துக் கோய்கோ போன் செய்தார். வீதோமிர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, எனக்கு மனசே கேக்கல. தொழிற்சாலையில விசாரிச்சேன். ஓட்டை போடாமலே வெளியிலருந்து திறக்கிற மாதிரி ஒண்ணு வந்திருக்காம். சேத்துடவா? வெளிய மாட்டிக்கிட்டா ஆபத்தும்மா."

"வேணாம்" என்றேன்.

"ஐயாவ ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"கேட்டுட்டேன். வேணாமாம்."

கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னொரு வாரம் சண்டை, லைட்டர், திரும்பவும் செங்கல் பேச்சு. எனக்குக் களைப்பாக இருந்தது. அந்தக் களைப்பை நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அன்றைக்கு என் மனதில் வேறு ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

அக்டோபர் கடைசியில் லியூபா மேஸ்திரி இரண்டு ஆட்களோடு வந்தார். எல்லோருக்கும் காப்பியும், நம் பழச்சாராயம் ராக்கியாவும் கொடுத்தேன். பழைய கதவைப் பெயர்த்ததும் சுவரில் பெரிய வாய் திறந்தது. வீதோமிர் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போய்க் காரில் உட்கார்ந்து கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டார். அங்கிருந்தே ஹார்ன் அடித்தார்.

லியூபா போய்க் குனிந்து கேட்டார். "என்ன அண்ணே?"

"இன்னும் எவ்வளவு நேரம்யா திறந்து கிடக்கும்?"

"கதவு மாட்டணும்னா ஓட்டை இருந்தாத்தான் அண்ணே மாட்ட முடியும். சாத்தின சுவத்துல மாட்ட நான் என்ன மந்திரவாதியா?"

ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று எனக்கு நல்ல நாள்.

கண்ணாடியைச் சரிவுப் பக்கத்திலிருந்து ஏற்ற வேண்டியிருந்தது. அதற்காகத் தளத்திலிருந்து தோட்டத்துக்கு இறங்கும் மரப்படியைக் கழற்றினார்கள். உளுத்துப்போயிருந்த படி, கழற்றும்போதே உடைந்தது. தளம் தரையிலிருந்து இரண்டு ஆள் உயரம்.

"அடுத்த வாரம் வந்து கான்கிரீட்ல படி கட்டித் தந்துடறேன் அக்கா" என்றார் லியூபா.

"வசந்தத்துல பாத்துக்கலாம்."

"படி இல்லாம எப்படிக்கா?"

"யாரு வெளிய போகப் போறா, லியூபா? உங்க அண்ணனா?"

அவர் காரைப் பார்த்தார். "அதுவும் சரிதான்" என்றார்.

அன்று மாலை வெயிலில் டான்யூப் முழுதாக என் முன்னறைக்குள் வந்தது. நான் கைப்பிடியைக் கீழே திருப்பினேன். கதவு எழும்பியது. ஒரு விரலால் தள்ளினேன். இரண்டு கை அகலம்தான் திறந்திருக்கும்.

"மூடு" என்றார் வீதோமிர் பின்னாலிருந்து. "வாங்கின அன்னைக்கே கெடுத்துடாத."

அதற்கப்புறம் என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன். நவம்பரில் அடிச்சட்டத்தில் கம்பளிப் பட்டை ஒட்டினார். கதவு நகரும், ஆனால் நெஞ்சால் தள்ள வேண்டும். பட்டையை நான் பிய்த்தேன், மறுபடி ஒட்டினார். அவர் வெளியே போகும்போது திறந்து, வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடுவேன். அப்படியும் உள்ளே நுழைந்ததும் மூக்கை உறிஞ்சுவார். "திறந்திருக்க" என்பார். காற்றின் வாசனை அவருக்குத் தெரியும். டிசம்பரில் சோபாவை இழுத்துக் கதவுக்குக் குறுக்கே போட்டார். நான் சோபாவில் ஏறி முழங்காலிட்டு நதியைப் பார்த்தேன். முக்காலிக்குப் பதில் சோபா. இருபத்தாறு வருடத்தில் எனக்குக் கிடைத்த முன்னேற்றம் அவ்வளவுதான்.

ஜனவரியில் கோஷாவா ஆரம்பித்தது. உங்களுக்குத் தெரியும், அந்தக் காற்று வந்தால் மூன்று நாள் அடிக்கும், இல்லாவிட்டால் ஏழு, அதுவும் இல்லாவிட்டால் இருபத்தொன்று என்று நம் ஆட்கள் எண்ணிக்கொண்டே இருப்பார்கள். இரண்டாம் நாள் அவர் கடைக்குப் போய் எட்டுக் குழாய் சிலிக்கான் பசையும் அதை அடிக்கிற துப்பாக்கியும் வாங்கி வந்தார். மேஜையில் அடுக்கி வைத்தார்.

"இது எதுக்கு?"

"எங்கயோ விசிலடிக்குது, தோப்ரிலா. ராத்திரியெல்லாம் கேக்குது. கதவச் சுத்தி உள்ள ஒரு வரி, வெளிய ஒரு வரி இழுத்துட்டா முடிஞ்சுது."

"அப்புறம் எப்படித் திறக்கிறது?"

"எதுக்குத் திறக்கணும்?" என்றார். கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார். "கண்ணாடி இருக்குல்ல? உனக்குப் பாக்கத்தானே வேணும்? நல்லாப் பாரு. அப்புறம் இது கதவில்ல, சுவரு. உன் நல்லதுக்குத்தான்."

நான் ஒரு குழாயை எடுத்து அதில் எழுதியிருந்ததைப் படித்தேன். வெப்பம் ஐந்து டிகிரிக்குக் கீழே இருந்தால் இந்தப் பசை பிடிக்காது என்று போட்டிருந்தது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே எட்டு. அவர் மூக்குக்கண்ணாடி இல்லாமல் பொடி எழுத்துப் படிக்கமாட்டார், மூக்குக்கண்ணாடி போட்டாலும் அறிவுரை படிக்கமாட்டார். குழாயைத் திரும்ப வைத்தேன்.

"உள்பக்கம் எப்ப வேணாலும் அடிக்கலாம்" என்றேன். "வெளிப்பக்கத்த முதல்ல முடிச்சுடு வீதோ. நாளைக்கு இன்னும் பலமா அடிக்குமாம், ரேடியோல சொன்னாங்க."

"அதுவும் சரிதான்" என்றார். நான் சொல்லி அவர் ஒப்புக்கொண்டது அபூர்வம்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணி. அடுப்பில் மண்சட்டியில் பீன்ஸ் வைத்திருந்தேன், நாம் எல்லோரும் செய்கிறதுதான். அது வேக இரண்டரை மணி நேரம் ஆகும். சோபாவை இருவரும் சேர்ந்து நகர்த்தினோம். கம்பளிச் சட்டை, அதன் மேல் கையில்லாத கோட்டு, குல்லாய், காலில் வீட்டுச் செருப்பு. பத்து நிமிட வேலைதானே என்றார். போனும் மூக்குக்கண்ணாடியும் மேஜையிலேயே இருந்தன. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு தளத்துக்குப் போனார். அவர் காலடி வெளியே பட்டதுமே காற்று உள்ளே பாய்ந்தது. திரை கூரை வரை பறந்தது, மேஜை விரிப்பு சுருண்டது.

திரும்பி என்னைப் பார்த்துக் கத்தினார்: "மூடு! மூடு! வீடு பூராக் காத்து!"

மூடினேன். இன்ஸ்பெக்டர், இதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். மூடு என்றார், மூடினேன். மூடிய பிறகு கைப்பிடியை மேலே திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் ரப்பரில் உட்காராது என்று நூறு தடவை சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். மேலே திருப்பினேன். உடனே எல்லாச் சத்தமும் நின்றது. கோய்கோ பொய் சொல்லவில்லை.

நாற்காலியைப் பற்றிக் கேட்டீர்கள். சோபா நகர்ந்ததில் கதவுக்கு முன்னால் இடம் காலியாக இருந்தது. அந்த இடம் காலியாக நான் அதுவரை பார்த்ததே இல்லை. வெயில் தரையில் விழுந்திருந்தது. நாற்காலியைப் போட்டேன், காப்பி கலந்துகொண்டு வந்து உட்கார்ந்தேன். இதற்காகத்தானே கதவு வாங்கினேன்? பார்க்கத்தான்.

அவர் கீழ்ச்சட்டத்திலிருந்து ஆரம்பித்தார். குளிரில் பசை இறுகிவிட்டது, வெளியே வரவில்லை. துப்பாக்கியை உதறினார். வந்த கொஞ்சமும் ஒட்டாமல் நூல்நூலாகக் காற்றில் பறந்தது. அப்புறம் நிமிர்ந்தார்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆம்புலன்ஸ்காரர்களிடம் சொன்னதும் அதுதான், உங்களிடம் முதல் நாள் சொன்னதும் அதுதான், அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அவர் தட்டியது கேட்கவில்லை. கையிலிருந்த பசைத் துப்பாக்கியால் அடித்திருக்கிறார், கண்ணாடியில் நட்சத்திரம் மாதிரி மூன்று கீறல் இருக்கிறது, அதுவும் கேட்கவில்லை. பக்கத்து வீடுகள் கோடையில் வருகிறவர்களுடையவை, ஜனவரியில் பூட்டிக் கிடக்கும். கோஷாவாவில் கத்தினால் அந்தச் சத்தம் நதியைத் தாண்டி எங்கேயோ போய்விடும், சொந்த வீட்டுக்கு வராது.

கைரேகை கீழே வரை போனது எப்படி என்றால், மனிதன் சரியும்போது கை கூடவே சரியும். பன்னிரண்டு மணிவாக்கில் அப்படிச் சரிந்தவர் திரும்பி, கண்ணாடியில் முதுகைச் சாய்த்துக் கான்கிரீட்டில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அதுதான் ஆச்சரியமாக இருந்தது. வெறும் கான்கிரீட்டில் உட்காரக் கூடாது, சிறுநீரகம் போய்விடும் என்று என்னை எத்தனை தடவை கையைப் பிடித்து எழுப்பியிருக்கிறார். எங்கள் கல்யாணத்தன்று தேவாலயப் படிக்கட்டில் வெள்ளை உடையோடு உட்கார்ந்தேன் என்று தன் கோட்டைக் கழற்றிக் கீழே போட்டார்.

பீன்ஸ் வெந்தது. மேஜையில் இரண்டு தட்டு வைத்தேன். அது பழக்கம்தான். ஒன்றரை மணிக்குக் கைப்பிடியைக் கீழே திருப்பிக் கதவைத் தள்ளினேன். கம்பளிப் பட்டை இன்னும் ஒட்டியிருந்ததால் நெஞ்சால்தான் தள்ள வேண்டியிருந்தது. அவர் பின்பக்கமாக உள்ளே சாய்ந்தார். குல்லாய் மட்டும் பறந்து தோட்டத்துக்குப் போனது. டாக்டர் மாரடைப்பு என்றார், குளிர் என்றார், இரண்டும் சேர்ந்து என்றார். எனக்கு மருத்துவம் தெரியாது.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு வாசல் கதவையும் திறந்து வைத்தேன், அவர்கள் வரும்போது தாமதமாகக் கூடாது இல்லையா? வீடு முழுக்கக் காற்று ஓடியது. திரை, காலண்டர், மேஜை விரிப்பு, எல்லாம் பறந்தன. நடுவில் நின்றேன். ஸ்ட்ரெச்சரோடு உள்ளே வந்த ஆள் அவரைக்கூடப் பார்க்கவில்லை, முதலில் கழுத்தைத்தான் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, அந்தக் கதவ மூடுங்க முதல்ல, குறுக்குக் காத்து!" என்றான்.

நான் மூடவில்லை. இதையும் குற்றமாக எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள்.

இதுதான் நடந்தது. அவர் கேட்ட கதவு, அவர் மறுத்த கைப்பிடி, அவர் சொன்ன 'மூடு'. இதில் எதை நான் செய்தேன் என்று நானும் நாலு நாளாக யோசிக்கிறேன். அவர் என் நல்லதுக்காகச் செய்ததை எல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன், அவ்வளவுதான் தெரிகிறது. உங்கள் காப்பி ஆறிவிட்டது. குடியுங்கள்.

தட்டச்சு இயந்திரம் நின்றிருந்தது. அந்த அம்மாள் என்னைப் பார்க்கவில்லை, மூடிய ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் மஃப்ளரைத் தளர்த்திவிட்டு, நான் சொன்னதை ஒரு முறை வாசித்துப் பார்த்தீர்கள்.

"அப்ப, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் பேசினது எதுவுமே உங்களுக்குத் தெரியாது. அப்படின்னு எழுதிக்கட்டுமா?" என்று கேட்டீர்கள்.

"கேக்கலைன்னு எழுதுங்க சார், தெரியலைன்னு எழுதாதீங்க. முப்பத்தொரு வருஷம் கவுன்ட்டர்ல உதட்டப் பாத்தவ நான். 'கதவத் திற'ன்னார். இருபத்தாறு வருஷத்துல முதல் தடவையா அவர் வாயில அந்த வார்த்தை வந்துச்சு. இன்னொரு தடவை சொல்லட்டும், இன்னொரு தடவை சொல்லட்டும்னு பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்."